இரண்டு கயிறுகளுக்கு நடுவே

நெடுங்கேணி தாண்டித் தார் முடிந்தது.
அதற்கப்பால் கிரவல், கிரவலுக்கப்பால் கிடங்கு,
கிடங்குக்கப்பால் எட்வின் பாதை என்று சொன்ன ஏதோ ஒன்று.
லான்ட்மாஸ்டரில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு கூடாரம், நாலு றாத்தல் பாண், டின் மீன்,
ஒரு கான் தண்ணீர்.
வீரைக் கிளைகள் முகத்தில் அடித்துப் பேர் கேட்டன.
சூரை முள் என் சட்டைக் கையில் ஒரு துண்டை
வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை.

ஆவணி. நாலு மாதமாய் மழை இல்லை.
ஆறு தன் படுக்கையைச் சுருட்டாமலே
எழும்பிப் போயிருந்தது.

மணலில் சில்லுப் புதைந்தது.
பாலைக் கொப்பு முறித்து அடியில் போட்டுத் தள்ள
இன்னும் புதைந்தது.
"இனிக் கால்தான் வாகனம்" என்றான் எட்வின்,
அதையும் தானே வாடகைக்குத் தந்தவன் போல.

போகப் போகக் கரைகள் உயர்ந்தன.
முதலில் இடுப்பு, பிறகு தோள்,
மத்தியானத்துக்குள் இரண்டு ஆள் உயரக் களிமண் சுவர்.
சுவரெல்லாம் மருத வேர், பிய்ந்த கூடை போல.
மேலே, எட்டாத கிளையில்
ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரை.
மாரி வெள்ளம் வந்து இருந்துவிட்டுப் போன உயரம்.
நாங்கள் தண்ணீருக்கு அடியில் நடந்துகொண்டிருந்தோம்,
தண்ணீர்தான் இல்லை.

சுபோதினி பேசவில்லை.
ஏழு வருடமாய்க் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
முழங்காலில் இருந்து, ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்
மண் வாசித்துச் சம்பளம் எடுக்கிறவள்.
மயிலைக் காட்டினோம், மந்தியைக் காட்டினோம்.
"ம்" என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.
பிறகு, சும்மா சொல்வது போல:
"வெள்ளம் வெடியையும் இழுக்கும்.
எங்க இறக்கி வைச்சனி எண்டு ஆத்திட்டக் கேட்கேலாது."
சிரித்துக்கொண்டு வந்த எட்வின்
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொக்காய் நின்றான்.

அப்போதுதான் அந்தத் தடம்.
தாச்சி அளவில் வட்டம், வட்டமாய்,
அவசரமில்லாமல், ஆற்றின் நடுவால்.
"இதுக்குள்ள கால் வையுங்கோ" என்றாள்.
"மூண்டு தொன் நடந்த இடம்.
இதைவிடத் துப்புரவான நிலம் இல்லை."
"ஆனா அது யானை" என்றான் எட்வின்.
"ஓம். அது வேற திணைக்களம்."

அப்படியே போனோம்,
யானைக்குப் பயந்து, யானையின் அடிக்குள்.
அதன் எட்டு எனக்குப் பெரிது.
தாவித் தாவித் தொடை கடுத்தது.

இரவு, வளைவொன்றில் கூடாரம்.
மணலைத் தோண்டினோம்.
முழங்கை மட்டும் சூடு, பிறகு ஈரம், பிறகு கலங்கல்,
வெகுநேரம் கழித்து ஒரு சிரட்டைத் தண்ணீர்.
தேத்தண்ணியில் சேறு மணத்தது. டின் மீனில் எறும்பு.
சுவர்களுக்கிடையே வானம் ஒரு ஒழுங்கை அகலம்,
அதற்குள் நெரிபட்டு நட்சத்திரங்கள்.
சுபோதினி மல்லாந்து படுத்தாள்.
மேலே பார்ப்பதைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று
காத்திருந்தேன்.
"நுளம்புத்திரி இருக்கே?" என்றாள்.

விடிய எட்வின்தான் முதலில் கண்டது.
கத்தவில்லை. கையை மட்டும் காட்டினான்.
நாங்கள் தோண்டிய குழி
இப்போது ஒரு சின்னக் கிணறு.
சுற்றிவரத் தாச்சிகள்.
வந்த வழி, குடித்த இடம்,
பிறகு கூடாரத்தைச் சுற்றிப் பார்த்த வழி.
இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு தடம்,
என் தலை கிடந்த இடத்திலிருந்து மூன்று சாண்.
ஒரு முளைகூட அசையவில்லை.

சுபோதினி பழக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.
விரல் நுனியால் அதன் விளிம்பைத் தொட்டாள்.
"பாத்துத்தான் வைச்சிருக்கு" என்றாள்,
கூட வேலை செய்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

கேத்தலை அந்தக் கிணற்றில் நிரப்பினோம்.
நேற்று ஊறியதைவிடத் தெளிவு.
லான்ட்மாஸ்டர் இன்னும் மணலுக்குள்தான் கிடக்கும்.
அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை,
எட்வின் கூட.